மித்சுயேயின் இரண்டு முக்கோணங்கள்

நாகுரா மித்சுயே வாயால் சண்டை போட்டு ஜெயிக்கிறவள் என்றுதான் எங்கள் தேயிலை மேட்டில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. வாய் நீளம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஜெயித்ததெல்லாம் வேறு வழியில். எதிராளியின் கையில் பொருளைத் திணித்து, "நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வாள். அதற்குப் பிறகு பேச்சு தேவைப்படாது.

கூட்டுறவு ஆலையில் ஒரு தடவை இது நடந்தது. பறித்த இலையை எடை போடும்போது பனி ஈரம் என்று கொஞ்சம் கழிப்பது வழக்கம். அன்றைக்கு மித்சுயே மத்தியானம் பறித்துக் கொண்டுவந்த இலைக்கும் எடைக்காரர் பழக்கதோஷத்தில் நூற்றுக்குப் பத்து கழித்துவிட்டார். அவள் சத்தம் போடவில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்தாள், அவர் உள்ளங்கையில் வைத்தாள், விரல்களை மடக்கிவிட்டாள்.

"பிழிங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் இருபது கழிச்சுக்குங்க" என்றாள்.

பின்னால் நின்ற வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. மனிதர் முகம் சிவக்கிற வரைக்கும் பிழிந்தார். ஒன்றும் விழவில்லை. அன்றிலிருந்து அவள் மூட்டை வந்தால் எடைக்காரர் கழிப்பதற்கு முன்னால் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அவளுக்கு ஒரே நிலம். தொள்ளாயிரம் த்சுபோ. ஒரு த்சுபோ என்றால் இரண்டு பாய் விரிக்கிற இடம். சதுரமான நிலம், ஒவ்வொன்றும் ஐம்பத்தைந்து மீட்டர் நீளத்தில் முப்பது வரிசைத் தேயிலை. பத்தொன்பது வயதில் அப்பாவோடு சேர்ந்து குச்சி குச்சியாக நட்டது. அண்ணன் தம்பி கிடையாது. நிலம் அவள் பெயருக்கு வந்தது. அவளைக் கட்டிக்கொண்ட கோஹெய் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். தங்கமான மனுஷன். யாருக்கும் முகம் கோணாமல் பேசுவார். அந்த நல்ல குணம்தான் இந்தக் கதையில் வம்பை இழுத்துவிட்டது.

ஷோவா அறுபதாம் வருஷம், அதாவது 1985, பிப்ரவரி. கடலோர ஊரிலிருந்து மேட்டுக்கு நேராக ஒரு அகலச் சாலை போடப்போவதாகப் பேச்சு வந்தது. மித்சுயே சாலை வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்கு மார்வலி வந்தபோது ஆம்புலன்ஸ் வளைந்து வளைந்து வந்துசேர நாற்பது நிமிஷம் ஆனதை அவள் மறக்கவில்லை. சாலை வரட்டும். ஆனால் வரைபடத்தில் அது அவள் நிலத்துக்குள் ஒரு மூலையில் நுழைந்து எதிர்மூலையில் வெளியேறியது. சதுரத்தின் குறுக்கே கத்தி போட்டாற்போல நடுவில் முந்நூற்று எண்பது த்சுபோ போகிறது. மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம் மிச்சம்.

சாலை அலுவலகத்திலிருந்து மினோவா என்ற அதிகாரி முதல் தடவை வந்தபோது மித்சுயே உரம் பற்றிய கூட்டுறவுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கோஹெய் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மினோவா நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்: "மீதி நிலம் ரெண்டு துண்டா நிக்கும். பயிர் பண்ண சிரமமா இருக்குமோங்க?"

"ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று பதறினார் கோஹெய். "எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

எங்கள் பக்கத்தில் கூரை எரிந்துகொண்டிருந்தாலும் விருந்தாளியிடம் அப்படித்தான் சொல்வோம். அதைக் கேட்டவர் 'சரி, சிரமம்தான் போலிருக்கிறது' என்று புரிந்துகொள்ள வேண்டும். மினோவாவும் எங்கள் ஆள்தான், அவருக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனால் அன்றைக்கு அவர் கையில் குறிப்பேடு இருந்தது. குறிப்பேட்டுக்கு நாசூக்கு தெரியாது. சொன்னது சொன்னபடி பதிவாகிவிட்டது.

மே மாதம், முதல் பறிப்பு முடிந்த கையோடு மினோவா கணக்குத்தாள்களோடு வந்தார். இந்த முறை மித்சுயே எதிரே உட்கார்ந்திருந்தாள். த்சுபோவுக்குப் பதினாறாயிரம் யென். செடிகளுக்குத் தனியாக. அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முன்னதாகவே கூட்டுறவிலும் நிலப்பதிவிலும் விசாரித்து வைத்திருந்தாள்.

"விலை நியாயமான விலை. அதுல எனக்குப் பேச்சே இல்லை" என்றாள்.

மினோவாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. வீட்டுக்கு வீடு விலைக்காகத் திட்டு வாங்கியே பழகியவர்.

"ஆனா அந்த ரெண்டு முக்கோணத்தையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கணும். அதே விலைக்கு."

மினோவா மறுபடி நிமிர்ந்தார். "அம்மா, மிச்ச நிலத்தை நாங்க வாங்கணும்னா அது பழையபடி பயிருக்கு உதவாதுன்னு ஆகணும். இது நல்லாத்தானே இருக்கு? போன மாசம் போட்டோகூட எடுத்தேன். மேடு முழுக்க இப்படி அழகா கவாத்து பண்ணின செடி வேற எங்கயும் இல்லை."

மித்சுயே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிடுங்கப்போகிற செடியைக்கூட அலங்கோலமாக விட்டுவைக்க அவளால் முடியாது. அந்த அழகே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"தவிர, பதிவுல எழுதியிருக்கே" என்று மினோவா குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். "'மீதி நிலத்தைச் சமாளித்துக்கொள்ள முடியும் என்று உரிமையாளர் தரப்பு தெரிவித்தது.'"

"யாரு தெரிவிச்சது?"

கோஹெய் விட்டத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"ஏங்க!"

"மரியாதைக்குச் சொன்னேன், மித்சு."

"உங்க மரியாதை ஐந்நூத்து இருபது த்சுபோ!" என்றாள் அவள்.

அவள் அவ்வளவு கொதித்ததற்குக் காரணம் இருந்தது. அவள் நிலத்தை ஒட்டிய வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் சுகேகாவா அண்ணனின் நிலம், எண்ணூறு த்சுபோ, நீளமான நல்ல வரிசைகள். அவருக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது. பிள்ளைகள் நகோயாவில். முழங்கால் போய்விட்டது, இனி தேயிலை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். பழைய கார்களை உடைத்து அடுக்குகிற ஒருவன் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சுகேகாவா மித்சுயேயிடம் சொல்லியிருந்தார்: "உனக்குக் குடுக்கத்தான் எனக்கு ஆசை. ஆனா ஆகஸ்ட்ல ஓபோன் பண்டிகைக்குப் பெரியவன் வருவான், அன்னிக்கு முடிச்சாகணும். அதுக்கு மேல பொறுக்க முடியாதும்மா." சாலை எடுக்கிற துண்டுக்கு மட்டும் பணம் வந்தால் அவர் நிலத்தில் பாதிகூட வாங்க முடியாது. மொத்தச் சதுரத்துக்கும் வந்தால் முழுதாக வாங்கலாம், தேயிலைக்காரியாகவே இருக்கலாம். ஆகஸ்ட் பாதிக்குள் முடிக்க வேண்டும்.

அன்று இரவு சாப்பாட்டில் கோஹெய் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மித்சுயேவும் அவரைத் திட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். மீன் முள்ளைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். அப்புறம் அதன் குறுக்கே சாப்பிடும் குச்சியைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். "மினோவா ஐயா, ஜூன் கடைசியில ரெண்டாம் பறிப்பு. ஒரு நாள் காலையில வாங்க. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"அந்த நிலம் பயிருக்கு உதவுமான்னு நீங்கதானே எழுதணும்? பறிச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

மினோவா வந்தார். நாற்பத்தைந்து வயது. மீன்கடைக்காரரின் பிள்ளை, தேயிலையைக் கோப்பையில் மட்டும் பார்த்தவர். கழுத்துப் பட்டியைக்கூட அவிழ்க்கவில்லை. வேடிக்கை பார்க்க சுகேகாவா அண்ணன் கைத்தடியோடு வந்து பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் மேட்டில் அப்போது எல்லோரிடமும் இருந்தது இரண்டு பேர் பிடிக்கும் பறிப்பு இயந்திரம். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் செடியின் முதுகு மேல் வளைந்த கத்தி. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். வெட்டின இலை பின்னால் இழுபடும் நீளப் பைக்குள் போகும். பையின் வாலை மூன்றாவது ஆள் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இன்ஜின் இருக்கிற கனமான பக்கத்தை மித்சுயே எடுத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் மினோவா. பைக்கு கோஹெய்.

"எனக்குப் பழக்கமில்லை. நான் தடுமாறினா அதை நிலத்தோட குறைன்னு சொல்லிடக் கூடாது" என்றார் மினோவா. முட்டாள் இல்லை அவர்.

"அதனாலதான் முதல்ல முழு வரிசையில உங்களை வெச்சே பறிக்கப் போறேன். இருநூத்து நாப்பது த்சுபோ. கீழ முக்கோணமும் அதே அளவுதான். உங்க கடிகாரத்துல நேரம் பாருங்க, என் கடிகாரம் வேண்டாம்."

நேர் வரிசைகளில் போனார்கள், வந்தார்கள். முதல் இரண்டு வரிசையில் மினோவா கால் பின்னினார். மூன்றாவதில் நடை பிடிபட்டுவிட்டது. முடித்து நிமிர்ந்தபோது ஐம்பத்திரண்டு நிமிஷம். வரிசைகள் மொட்டையடித்த தலை மாதிரி ஒரே சீராக இருந்தன. மினோவாவுக்கே பெருமை. "பரவாயில்லையே!" என்றார்.

"சம்பளத்துக்கு ஆள் வேணும்னா சொல்லியனுப்புறேன்" என்றாள் மித்சுயே.

பிறகு கீழ் முக்கோணம். சாலை எல்லைக்கு அலுவலகம் அடித்திருந்த சிவப்புத்தலை முளைகளுக்கு இடையில் அவள் ஏற்கனவே கயிறு கட்டி வைத்திருந்தாள்.

"உங்க வரைபடத்துல இந்த இடத்துல என்ன வருது?"

"சிமென்ட் சுவர். கீழ வாய்க்கால்."

"எவ்வளவு பள்ளம்?"

"ஒன்றரை மீட்டர்."

"அப்போ கயிறைத் தாண்டினா நீங்க வாய்க்கால்ல இருக்கீங்க. அவ்வளவுதான் விதி."

இன்ஜின் சத்தம் கிளம்பியது. முதல் வரிசையில் முப்பது முப்பத்தைந்து மீட்டர் நடந்தார்கள். கயிறு சாய்வாக வந்தது. மித்சுயேவின் பக்கம் இன்னும் நான்கு எட்டுக்குத் தரை இருந்தது. மினோவாவின் பக்கம் தரை முடிந்துவிட்டது. ஆனால் இயந்திரத்தை இருவர் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். வெட்டாத செடி முன்னால் நிற்கிறது. பழகின நடையில் மினோவா இன்னும் ஒரு எட்டு வைத்தார். கயிறு தாண்டிவிட்டது.

பின்னாலிருந்து கோஹெய் வருத்தத்தோடு சொன்னார்: "மன்னிக்கணுங்க. விழுந்துட்டீங்க."

அடுத்த வரிசை. மினோவா கவனமாக வந்து கயிற்றுக்கு முன் நின்றார். இயந்திரமும் நின்றது. செடியின் முனையில் நான்கு எட்டு நீளத்துக்கு இலை பறிபடாமல் குடுமி மாதிரி நின்றது. அங்கே இயந்திரத்தைத் திருப்பவும் இடமில்லை. கனத்த பையோடு பின்னோக்கி நடந்து வர வேண்டும். பின்னோக்கி வருகையில் கால் இடறியது. மூன்றாவதில் குடுமியை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

"மன்னிக்கணுங்க, ஐயா. மறுபடியும்" என்றார் கோஹெய்.

சுகேகாவா அண்ணன் பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரசாங்கம் ரெண்டாவது தடவை விழுந்திருச்சு!"

வரிசைகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. பத்து எட்டு, ஏழு எட்டு, மூன்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் இன்ஜினைத் தணி, தூக்கு, திருப்பு, அடுத்ததில் இறக்கு, மறுபடி முடுக்கு. பறிக்கிற நேரத்தைவிடச் சுமக்கிற நேரம் அதிகம். கடைசி வரிசைகளில் இயந்திரத்தை இறக்கவே முடியவில்லை. மினோவாவின் கழுத்துப் பட்டி எப்போது கழன்றதோ தெரியாது. இருபத்திரண்டு வரிசையில் பதினெட்டு முறை விழுந்தார். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம்.

அவர் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பறிபடாத குடுமிகளைக் கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தார். மித்சுயே சோற்று உருண்டைகள் இருந்த பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். நில உரிமையாளர் வீட்டில் தேநீர் தவிர எதையும் தொடக் கூடாது என்பது அலுவலக விதி. மினோவா நான்கு உருண்டை சாப்பிட்டார். ஊறுகாய் பிளம் கொட்டையைத் துப்பிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார்.

"பிப்ரவரியில எழுதினதை என்னால அழிக்க முடியாது" என்றார். "அதுக்குக் கீழ எழுதலாம்."

"என்னன்னு?"

"'நானே பறித்துப் பார்த்தேன். முடியாது.'"

கோஹெய் அவருக்கு இடுப்பு வளைய வணங்கினார். மித்சுயேவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்கிற ஆளா அவள்! "மிச்சம் மூணு உருண்டை இருக்கு, அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கீழ் முக்கோணத்தை அலுவலகம் வாங்கும். மேல் முக்கோணம் நாற்பது த்சுபோ பெரிது என்பதால் பயிருக்கு உதவும் என்று பிரிவுத் தலைவர் கருதுகிறார்.

மித்சுயே அன்றே தொலைபேசியை எடுத்தாள். "பிரிவுத் தலைவர் கருதுறாரா? ரொம்ப சந்தோஷம். பூட்ஸ் அளவு என்னன்னு கேட்டுச் சொல்லுங்க. மேல் முக்கோணத்தைப் பறிக்காம அவருக்காகவே விட்டு வெச்சிருக்கேன். முத்திப்போறதுக்குள்ள வரச் சொல்லுங்க."

மறுமுனையில் மினோவா இருமினார். அது இருமல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

பிரிவுத் தலைவர் வரவில்லை. அவருக்கு நெடுநாளாக முதுகுவலியாம். ஜூலை இருபத்தாறாம் தேதி, இரண்டு முக்கோணங்களையும் அதே விலைக்கு எடுத்துக்கொள்ளும் தாள் வந்து சேர்ந்தது. மித்சுயே கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினாள். கோடு கோணாமல், மை கசியாமல். மினோவாவை வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். முப்பத்தைந்து வருஷச் செடி. ஒவ்வொரு குச்சியையும் நட்ட விரல் அப்பாவுடையது அல்லது அவளுடையது. நியாயம் கிடைத்துவிட்டது, சந்தோஷம். செடி போகிறது, அது துக்கம். ஒன்றுக்காக மற்றதைக் குறைத்துக்கொள்ள அவள் பார்க்கவில்லை. கோஹெய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளையாக ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் நான்காம் தேதி காலை இருவரும் சுகேகாவா அண்ணன் நிலத்துக்குப் போனார்கள். அவர் வரிசை முனையில் நின்றுகொண்டிருந்தார்.

"பன்னெண்டாயிரம் குடு, போதும்" என்றார் எடுத்த எடுப்பில்.

"பதினாறு."

"காது மந்தமா உனக்கு? நான் பன்னெண்டுன்னேன்."

"எனக்கு அரசாங்கம் குடுத்தது பதினாறு. ஒரே மேடு, ஒரே மண்ணு, நடுவுல ஒரு வண்டிப்பாதை. அவங்ககிட்ட நியாயம் பேசி வாங்கிட்டு உங்ககிட்ட அடிச்சு வாங்குவேனா அண்ணே?"

"கிழவன்மேல பரிதாபமா? அந்தக் கார் உடைக்கிறவன்கூடப் பன்னெண்டுதான் சொன்னான். சரி, பதிமூணு. அதுக்கு மேல ஒரு யென் வாங்க மாட்டேன்."

"பதினாறுக்குக் கீழ ஒரு யென் குறைக்க மாட்டேன்."

"ஒரு பதினஞ்சுன்னு வெச்சுக்கலாமே" என்று கோஹெய் நடுவில் வந்தார்.

"நீ சும்மா இரு!" என்றார் சுகேகாவா. "நீங்க சும்மா இருங்க!" என்றாள் மித்சுயே.

சுகேகாவா கைத்தடியால் மண்ணைக் கிளறினார். குரல் இறங்கியது. "மூணு வருஷமா இதுக்கு நான் எதுவும் போடல, மித்சு. முழங்கால் விடல. வெளிய பச்சையா இருக்கும், உள்ள மண்ணு பட்டினி. உன் நிலத்து விலையை இதுக்கு வாங்கினா எனக்குத் தூக்கம் வராது."

மித்சுயே குந்தி உட்கார்ந்தாள். செடிக்கடியில் விரலை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தாள். உருட்டிப் பார்த்தாள். உருளவில்லை, பொடியாக உதிர்ந்தது. இலையைப் புரட்டினாள். நரம்பு மஞ்சளாக இருந்தது. பேசிப் பார்த்தால் அவரை மடக்கியிருப்பாள். ஆனால் மனுஷன் சொன்னது நிஜம். நிஜத்தோடு அவளுக்கு வழக்கு கிடையாது.

"பதினாலு" என்றாள்.

"பதினாலு" என்றார் அவர்.

எங்கள் வழக்கப்படி மூன்று பேரும் ஒன்றாகக் கையைத் தட்டிப் பேரத்தை முடித்தார்கள். சுகேகாவா அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. புகையிலை தேடுகிறவர் மாதிரி சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே நடந்து போய்விட்டார்.

பத்திரம் எழுத இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கே மித்சுயே கடுகுப் பிண்ணாக்கு மூட்டைகளோடு அந்த நிலத்தில் இறங்கிவிட்டாள்.